கடற்கரைச் சாலையில் பதினாறு நாள்

நவம்பர் 4

அக்காவுக்கு,

முதல் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீ பயந்த மாதிரி லாரியில் அடிபடவில்லை, மழையில் கரைந்துபோகவும் இல்லை. நேற்று மொத்தம் நூற்றெண்பது கிலோமீட்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கே அறை எடுத்துவிட்டேன். சன்னலைத் திறந்தால் கடல். படத்தில் பார்க்கிற நீலமெல்லாம் இல்லை, கழுவிப்போட்ட சிலேட்டு நிறம். சீசன் முடிந்துவிட்டதால் லாட்ஜில் நானும் ஒரு பூச்சிமருந்து விற்பனைக்காரரும்தான். கவுண்டரில் இருப்பவர் சிரித்தபோது பார்த்தேன், மேல்வரிசை முழுக்கப் பல்செட். மட்டமான வேலை; ஈறு நிறம் பொருந்தவே இல்லை. ஊரை விட்டு வந்தாலும் பல்செட் செய்கிற என் தொழில் புத்தி என்னை விடவில்லை.

வாசலில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "பெத்தவ படுத்த படுக்கையா கெடக்கிறப்ப பைக்ல ஊர் சுத்த எப்படிடி மனசு வருது உனக்கு?" என்றாய், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் காதில் விழும்படி. வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தேன், அதனால் தப்பித்தாய். இப்போது சொல்கிறேன். அம்மா பக்கவாதத்தில் விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் நான் வீட்டுக்கு வெளியே தங்கிய இரவுகள் மூன்று. மூன்றும் ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில். நீ ஒரு மாத லீவில் வந்திருக்கிறாய். அதில் இந்தச் சாலைக்குப் பதினாறு நாளும் திரும்பி வர மூன்று நாளும் எனக்கு எடுத்துக்கொண்டேன்.

கைப்பேசியை மேசை டிராயரில் விட்டுவிட்டு வந்தது மறதியால் இல்லை. அது கூடவே இருந்தால் மணிக்கொரு தரம் அடிப்பாய், நானும் எடுப்பேன். எந்தத் தேதியில் எந்த லாட்ஜ் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடிதம் போடு. இரண்டு நாளில் வந்துவிடும் என்கிறார்கள்.

ஃபிரிஜ் கதவில் நாலு பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். தினமும் ஒரு தரம் படி. மற்றதெல்லாம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு எழுத்து பிசகக் கூடாது. நீர்த்தது எதுவும் அம்மாவுக்கு மூச்சுக்குழலில் இறங்கிவிடும்; தண்ணீரில்கூடக் கெட்டிப்பொடி கலக்க வேண்டும், தேன் பதம் வரும்வரை. உலர்ந்தது எதுவும் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில் கொடு. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன், அக்கா. விழித்ததும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கவில்லையே என்று பதறி எழுந்து, இருட்டில் கதவில் முட்டிக்கொண்டேன். நெற்றியில் புடைப்பு. ஹெல்மெட் போட்டால் வலிக்கிறது.

சின்னவள்

*

நவம்பர் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டாம் பத்தியிலேயே என்னைக் குத்தி முடித்துவிட்டாய், மிச்சம் இருந்ததை மூன்றாவதில் குத்தினாய். பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் பிள்ளைகளின் பதில்தாள் திருத்துகிறவள் நான். சொல்லாமல் விட்டதையும் படிக்கத் தெரியும். 'நீ ஓடிப்போனவள்' என்று எழுதவில்லையே தவிர, வரிக்கு வரி அதுதான் இருக்கிறது.

நான் ஓடிப்போகவில்லை. கல்யாணம் செய்து கொடுத்தார்கள், போனேன். கடல் தாண்டிய ஊர், நினைத்தால் பஸ் ஏறி வருகிற தூரமா? நாலு வருடமாக வரவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. அதையெல்லாம் உனக்கு எழுதினால் எனக்கே சாக்குப்போக்கு மாதிரி தெரிகிறது. விட்டுவிடு.

இப்போது வேலைக்கு வருகிறேன். காலை மாத்திரையில் வெள்ளை இரண்டு இருக்கிறது. பெரியது முதலிலா, சின்னது முதலிலா? அம்மாவின் இடது குதிகாலில் சிவப்பாக ஒரு தடம், அது பழையதா? சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், பத்து நிமிடத்தில் தலை தொங்கிவிடுகிறதே, என்ன செய்ய? துணி துவைக்கும் மெஷின் ஏன் நடுவில் நின்று கத்துகிறது? பின்னறையில் உன் பிளாஸ்டர் மூட்டை ஈரம் வாங்குகிறது, நகர்த்தலாமா? அலமாரி முழுக்க யாருடைய பல் அச்சோ வரிசையாக இளிக்கிறது. விளக்குப் போடாமல் உள்ளே போய்ப் பயந்தேவிட்டேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் நாலு பக்கத்தைப் படித்தால் மெஷினுக்கு எழுதின மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது. ருசி போகவில்லை. நான் டீ குடிக்க உட்கார்ந்தால் அவள் கண் என் தட்டிலேயே இருக்கிறது. பிஸ்கட்டை எடுத்தால் என் கை போகிற பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் வருகிறது. எனக்கு விழுங்க முடியவில்லை. வேறு அறைக்குப் போய்த் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வருகிறேன். இந்த மனுஷி நமக்காக எவ்வளவு சமைத்திருப்பாள், சொல்.

மருந்தில் குறை வைக்கவில்லை. நீ சொன்ன பதத்தில்தான் எல்லாம். பயப்படாதே. ஆனாலும் சீக்கிரம் வா.

பெரியவள்

*

நவம்பர் 9

அக்காவுக்கு,

மூன்றாவது லாட்ஜில் உன் கடிதம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பெரிய வெள்ளை முதலில். குதிகால் தடம் பழையது, தேங்காய் எண்ணெய் போதும். தலை தொங்கினால் கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வை. மெஷினை ஒரு தட்டு தட்டு, ஓடும். மூட்டையை நகர்த்து. அச்சுகளைத் தொடாதே, அதெல்லாம் ஒவ்வொருவருடைய வாய்.

பிஸ்கட் பற்றி எழுதினாயே, வேண்டாம். அந்தக் கண்ணை நானும் பார்த்திருக்கிறேன். கொடுக்காதே.

ஏழாம் தேதி விழுந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வளைவில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், சாலை எது கரை எது என்று தெரியவில்லை. முன்சக்கரம் சறுக்கி வண்டி என்னைக் கீழே தள்ளிவிட்டு, அதுவும் பக்கத்தில் படுத்துக்கொண்டது. முழங்கை தேய்ந்தது, கால்மிதி வளைந்தது. யாரும் இல்லை. தூக்கி நிறுத்த நாலு தரம் முயன்றேன், ஐந்தாம் தரம் அம்மாவைத் தூக்குகிற மாதிரி முதுகைக் கொடுத்துக் காலால் உந்தினேன். எழுந்துவிட்டது. அங்கேயே நின்று சிரித்தேன். வண்டியும் அம்மாவும் கிட்டத்தட்ட ஒரே முரண்டு.

நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வெல்டர். படகுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிறவர். கால்மிதியை நிமிர்த்திக்கொண்டே கேட்டார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. வண்டி சத்தத்துல சரியாக் கேக்கல."

அவர் சிரிக்கவில்லை. "கடலோரமா ஓட்டுறீங்க. தினம் சங்கிலியைத் தண்ணி ஊத்திக் கழுவி எண்ணெய் விடுங்க. உப்பு சும்மா விடாது" என்றார். அதிலிருந்து தினமும் கழுவுகிறேன்.

இங்கே ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். வலது பக்கம் கடல், இடது பக்கம் பூட்டிய கடைகள், தார்ப்பாய் மூடிய படகுகள். ஒரு ஆறு கடலில் சேருகிற இடத்தில் பாலம் இல்லை, படகில் வண்டியை ஏற்றினார்கள். நான் ஒருத்திதான் பயணி. இதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அதுதான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. 'அம்மாவுக்குப் பிறகு' என்று தலைப்புப் போட்டு, என்னென்ன செய்வேன் என்று எழுதி வைத்திருந்தேன். ஆறேழு வருடமாக. முதல் வரி இந்தச் சாலைதான். ஒரு நாள் அதைப் படித்துப் பார்த்தேன். என் அம்மா எப்போது சாவாள் என்று சன்னல் பக்கம் உட்கார்ந்து காத்திருக்கிறவள் எழுதின மாதிரி இருந்தது. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கே உனக்குக் கடிதம் எழுதினேன், லீவு போட்டு வா என்று.

அம்மா இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். போய்விட்டு வந்தால் அம்மா இருப்பாள். அந்த நினைப்பில்தான் வண்டி ஓடுகிறது, அக்கா. அவள் போன பிறகு இந்தச் சாலையில் வந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட எனக்கு ஒட்டியிருக்காது.

சின்னவள்

*

நவம்பர் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முழங்கைக்கு மருந்து போட்டாயா? காயத்தை உப்புக் காற்றில் திறந்து போடாதே.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. அம்மா அமைதியாக இருக்கிறாள். எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டைச் சுத்தம் செய்து தரை எல்லாம் கழுவிவிட்டேன். நேற்று நல்ல வெயில், போர்வைகளை மொட்டைமாடியில் காயப் போட்டேன். தையல்காரம்மா அடிக்கடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நல்ல மனுஷி.

வாசலில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவசரப்பட்டு ஓட்டாதே. பாதியில் திரும்பி வரவும் வேண்டாம். சாலை எங்கே முடிகிறதோ அதுவரை போய்விட்டு, நிதானமாக வா. நான் இருக்கிறேன்.

பெரியவள்

*

நவம்பர் 13

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். சரி.

முழங்கைப் புண் காய்ந்துவிட்டது. இங்கே மூன்று நாளாக மழை. மழைக்கோட்டின் தையல் பிரிந்து முதுகு நனைகிறது. நாளைக்கு மழை நின்றாலும் நிற்காவிட்டாலும் கிளம்புவேன். நீ சொன்ன மாதிரி முடிகிற இடம்வரை போகிறேன். அதற்கு இன்னும் ஐந்து நாள். கடைசி லாட்ஜின் முகவரி பட்டியலில் அடியில் இருக்கிறது.

நீ சாப்பிடு. தூங்கு.

சின்னவள்

*

நவம்பர் 16

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நேற்றிலிருந்து எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. பத்து வரி. அதில் அம்மா என்ற சொல்லே இல்லை. மாத்திரை இல்லை, பதம் இல்லை, குதிகால் இல்லை. 'நீ சாப்பிடு, தூங்கு' என்று எனக்கு எழுதியிருக்கிறாய். எழவு வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள்.

உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் இதோ சொல்கிறேன். அம்மா போய்விட்டாள். எட்டாம் தேதி மதியம், மூன்றரை மணிக்கு. ஒன்பதாம் தேதி எடுத்தோம். பதினொன்றாம் தேதி உனக்கு நான் எழுதியது அத்தனையும் பொய். தரையைக் கழுவினேன் என்பது மட்டும் உண்மை.

எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை, உன் அத்தானிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்.

டீ போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டில் பிஸ்கட். அவள் பார்த்தாள். அன்றைக்கு எழுந்து வேறு அறைக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. பாதியை டீயில் ஊறவைத்து, கூழ் மாதிரி ஆன பிறகு ஸ்பூனில் கொடுத்தேன். விழுங்கினாள். தொண்டையைப் பார்த்தேன், நீ எழுதின மாதிரி. முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அம்மா பழைய அம்மா மாதிரி இருந்தாள், சத்தியமாக. என் சின்னவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு வருடமாக இவளைப் பட்டினி போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மிச்சப் பாதியை நனைக்காமல் அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவளே கடித்தாள்.

அப்புறம் சத்தம் வரவில்லை. இருமினால் எனக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். முதுகைத் தடவினேன். தண்ணீர் கொடுத்தேன், வெறும் தண்ணீர். அதுதான் முடித்துவிட்டது போலிருக்கிறது. தெருவுக்கு ஓடிக் கத்தினேன். தையல்காரம்மா டாக்டரைக் கூட்டிவரப் போனார். அவர் வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவின் வாயைத் துடைத்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவள் அங்கே அப்படிக் கிடக்க, நான் தட்டுக் கழுவினேன்.

"வயசாயிடுச்சும்மா, ரெண்டு தடவை பக்கவாதம் வந்த உடம்பு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நீ இருந்த லாட்ஜுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. யாரோ எடுத்து "ஹலோ, யாருங்க?" என்றார்கள். வைத்துவிட்டேன். மறுநாள் காலை மறுபடி செய்து, மறுபடி வைத்தேன். அம்மாவின் முகத்தைக்கூட உனக்குக் காட்டாமல் எடுத்துவிட்டோம். எல்லாம் முடிந்த பிறகு உண்மையை எழுத உட்கார்ந்தேன். அப்போது உன் கடிதம் வந்தது. 'போய்விட்டு வந்தால் அம்மா இருப்பாள், அந்த நினைப்பில்தான் வண்டி ஓடுகிறது' என்று. அதற்குப் பிறகு எப்படி எழுதுவேன்? உனக்காகத்தான் மறைத்தேன் என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி காலை கிளம்புகிறேன். நீ வரும்போது நான் இருக்க மாட்டேன். என் முகத்தைப் பார்க்கிற தண்டனை உனக்கு வேண்டாம். சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பெரியவள்

*

நவம்பர் 19

அக்காவுக்கு,

நேற்று மதியம் சாலை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டேன். முடிகிற இடம் என்றால் ஒரு சிமென்ட் தடுப்பு, அதற்கு அப்பால் பாறை, அதற்கு அப்பால் தண்ணீர். கலங்கரை விளக்கம் வெள்ளையடிக்க மூடியிருக்கிறது. உன் கடிதம் லாட்ஜில் இருந்தது. படித்துவிட்டுப் போய்த் தடுப்பின் மேல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது விடிந்துவிட்டது. எழுதுகிறேன்.

ஆமாம், தெரியும். பதின்மூன்றாம் தேதி, உன் பொய்க் கடிதத்தைக் கவுண்டரில் நின்று படித்தபோதே தெரியும். அதில் நீ என் முழங்கையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை, அக்கா. அம்மா இருந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பாய், எட்டுக் குறை சொல்லியிருப்பாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை நீயும் தெரிந்துகொள். டீ சொன்னேன். குடித்தேன். "லெட்டர்ல ஏதாவது சேதிங்களா?" என்று கவுண்டர்காரர் கேட்டார். "ஒண்ணுமில்லங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியம்" என்றேன். மேலே போய் உனக்கு அந்தப் பத்து வரியை எழுதினேன். பிறகு படுத்துத் தூங்கிவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம். ஒரு தரம்கூடப் பதறி எழவில்லை.

மறுநாள் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, ஒன்றரை நாளில் வீடு. வலது பக்கம் கடல். நீ அங்கே தனியாக இருந்தாய். எனக்குத் தெரியும். வலது பக்கம் திருப்பினேன். உன்னைத் தண்டிக்க இல்லை. வீட்டுக்குள் நுழைந்து அந்தக் கட்டிலைப் பார்த்தால்தான் அம்மா செத்தவள் ஆவாள், அதுவரை இல்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து நாள் அந்தக் கணக்கில் ஓட்டினேன். அதில் ஒரு கிலோமீட்டர்கூட எனக்கு ஞாபகம் இல்லை. மழை பெய்ததா என்று கேட்டால் தெரியாது.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்றாம் பக்கம் டாக்டர் சொல்லி எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நான் ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன். அதே கண்தான். கொடுத்தேன். உனக்கு ஆன மாதிரியே சத்தம் வரவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, முன்பக்கமாகக் குனிய வைத்து, இரண்டு தோளுக்கும் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஐந்தாவது அடியில் வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பக்கம். என்ன கொடுக்கக் கூடாது என்று எழுதினேன். அடைத்துக்கொண்டால் எப்படி அடிக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதினால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். நீ கேட்பாய். உன்னிடம் கெட்ட பெயர் வாங்க எனக்கு மனசில்லை. எல்லாம் சரியாகச் செய்கிறவள் என்று நீ நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதியிருந்தால் அடித்திருப்பாய். அம்மா இருந்திருப்பாள். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

உன் பாரத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. கோபம் இருக்கிறது. முகம் காட்டாமல் எடுத்ததற்கு இருக்கிறது, தட்டுக் கழுவியதற்கு இருக்கிறது, தனியாகச் சுமந்துகொண்டு ஓடிப்போகப் பார்க்கிறாயே, அதற்கு எல்லாவற்றையும்விட இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அந்த அறையில் அவளோடு இருந்தது நாம் இரண்டு பேர்தான்.

இந்தக் கடிதத்தை இப்போதே தபாலில் சேர்க்கிறேன். இரண்டு நாளில் வந்தால் இருபத்தொன்றாம் தேதி உன் கையில் இருக்கும், டிக்கெட்டை மாற்ற உனக்கு ஒரு பகல் மிச்சம் இருக்கும். வராவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. இங்கே லாட்ஜில் போன் இருக்கிறது. கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்று வைத்துவிட்டேன். நீயும் அப்படித்தானே வைத்தாய்.

நெடுஞ்சாலை வழியாக மூன்று நாள். இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் வருவேன். சாவியை யாரிடமும் கொடுக்காதே. தட்டுகிறேன், நீ வந்து திற.

சின்னவள்